துருப்பிடித்த பழைய சாமான்களைப் புளி, மோர், வினிகர் வைத்துத் தேய்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வீரவநல்லூர்க்காரன்:
2023 டிசம்பர் வெள்ளத்தில் தாத்தாவின் தச்சுப்பெட்டி சகதிக்குள் போனது. வீட்டைக் கழுவுகிற அவதியில் அதைத் திறக்கவே இல்லை. தை பிறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு உளி, ஒரு வாய்ச்சி, இழைப்புளியின் இரும்பு, எல்லாம் செங்கல் நிறம். ஒரு உளியை மட்டும் பிடியைக் கழற்றி, முழுதும் மூழ்குகிற மாதிரி வினிகரில் போட்டேன். ஒரு ராத்திரி போதும் என்று தெரியும். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே தென்காசியில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வர மூன்று நாள்.

எடுத்துத் தேய்த்தேன். துரு சுத்தமாகப் போயிருந்தது. தாத்தா தன் சாமானில் எல்லாம் கழுத்தில் மூன்று புள்ளி குத்தி வைப்பார், அடையாளத்துக்கு. அதைத் தேடி விரலால் தடவினேன். உளி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம். எது தாத்தா குத்தியது, எது வினிகர் குத்தியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா வாங்கிப் பார்த்தார், "எண்ணெய் போட்டு வையி" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

பேட்டைவாசி:
மூன்று நாள் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டு, வினிகர் மேல் பழியா? துரு தீர்ந்ததும் அது நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், அதன் குணம் அப்படி. உப்பு ஏதும் போட்டீரா வே? உப்பு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும், அதைச் சொல்லாமல் விட்டீர்.

எங்கள் ஆச்சி அரிவாள்மனைக்குப் புளித்த மோர்தான். ராத்திரி துணியை மோரில் நனைத்து அலகில் சுற்றி வைப்பாள், காலையில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். நாலு நாள் ஆகும். "ஒனக்கு என்னலே அவசரம், ரயிலுக்கா போற?" என்பாள். இப்போது அந்த மனை என் வீட்டில் இருக்கிறது. நான் தேய்ப்பது ஸ்டீல் நாரில். மோர் நாற்றத்துக்கு வீட்டில் சம்மதம் இல்லை.

தேரிக்காட்டான்:
திசையன்விளைப் பக்கம். அப்பாவின் பாளை அருவா, பனம்பாளை சீவுகிறது, பத்து வருஷமாக ஓலைக் கூரைக்குள் சொருகிக் கிடந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்து, உப்பைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். பெருமையாகப் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் காட்டினேன். நாற்பது வருஷம் பனை ஏறியவர். அவர் அருவாளைப் பார்க்கவே இல்லை, முகர்ந்து பார்த்தார். "புளிப்பு இருக்கு. நாளைக்குக் காலையில செவந்து நிக்கும், பாரு" என்றார். கலயத்தில் பதநீருக்குத் தடவ வைத்திருந்த சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, அலகை முக்கி எடுத்து, வேட்டி முனையால் துடைத்தார். பிறகு பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி இரண்டு இழுப்பு. கை நடுங்குகிறது மனுஷனுக்கு, ஆனால் அருவா பலகையில் போகும்போது மட்டும் நடுங்கவில்லை.

அவர் முக்காமல் விட்ட பிடிப்பக்கம் மறுநாள் காலையில் சிவந்துதான் இருந்தது.

லேத் பட்டறை, ஓய்வு:
தம்பிமார்களே, என் கதை ஒரு வரிதான். புளித்தண்ணீரில் கழுவிய உளியைச் சீக்கிரம் காயட்டும் என்று கேஸ் அடுப்பில் காட்டினேன், நுனியில் நீலம் பாய்ந்தது, பதம் போனது, அடுத்த அடியில் வாய் மடங்கியது. எனக்கு அப்போது வயசு இருபத்திரண்டு. மேஸ்திரி என் கையில் அந்த உளியைக் கொடுத்து ஒரு வாரம் அதிலேயே வேலை செய்யச் சொன்னார்.

இப்போது நீங்கள் செய்கிற தப்புகளுக்கு வருகிறேன். புளியில் டார்டாரிக் அமிலம், மோரில் லாக்டிக், எலுமிச்சையில் சிட்ரிக், வினிகரில் அசிட்டிக். எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, இதில் மோர் உயர்ந்ததா வினிகர் உயர்ந்ததா என்று பேட்டைவாசி சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை. வித்தியாசம் நேரத்தில்தான். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் புளிப்பு இறங்காது. ஊறப்போட்டால் மணிக்கு ஒருதரம் எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பிலிருந்தே குமிழி கிளம்புகிறது என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்குங்கள். தேரிக்காட்டுப் பெரியப்பா சுண்ணாம்பில் செய்ததும் அதுதான். சோடா, சுண்ணாம்பு இரண்டும் காரம்; அமிலப் புளிப்பை முறிக்கும், இரும்பு உடனே சிவக்காமலும் காக்கும். துடைத்து, வெயிலில் வைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய்.

இன்னொன்று. செந்துரு வேறு, கருந்துரு வேறு. பழைய அருவாளின் முதுகில் கறுப்பாக இறுகிப் படிந்திருப்பதைச் சுரண்டாதீர்கள், அது கெடுதல் செய்யாது. செந்துருவையே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். பள்ளத்துக்குள் மிஞ்சியதற்குக் கடுக்காய்த் தண்ணீர் தடவலாம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை, இது நம் ஊருக்குப் புதுசா என்ன? மரப்பிடியை மட்டும் எதிலும் ஊறவைக்காதீர்கள். உப்பி, காய்ந்து, கழன்று விழும். மம்பட்டிக் கணைக்கும், அதான் அதன் மரக்காம்புக்கும், இதே கதைதான்.

கல்லிடை மருமகள்:
இவ்வளவு நீளமாக யாரும் கேட்கவில்லையே அண்ணாச்சி! நான் புளியைக் கரைத்து ஊற்றியது மாமியாரின் பாக்குவெட்டிக்கு. திருகாணியில் துரு இறுகி, திறக்கவே மாட்டேன் என்றது. புளியைத் தடவி வைத்து, கழுவி, ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, அடுக்களையில் நின்று ஆட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று விட்டுக்கொடுத்து டக்கென்று மூடியது. பட்டாசலில் படுத்திருந்த அத்தை குரல் கொடுத்தார்கள்: "ஏட்டி, எனக்கும் ஒரு வாய்க்கு வெட்டு." பல் விழுந்து, வெற்றிலையை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது அவர்களுக்கு. சத்தத்துக்கே கை நீண்டுவிட்டது. நான் வெட்டி, உரலில் இடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

உடன்குடி வாடிக்கை:
கரும்பாலைக் கழிவுப் பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, இரண்டு வாரம் ஊறினால் துரு போகும், இரும்புக்குச் சேதம் இல்லை என்று படித்தேன். பாகுக்கு எங்கே போக? கருப்பட்டி அரைக் கிலோவைக் கரைத்துக் கோடாலியைப் போட்டேன். நாலாம் நாள் எறும்பு, ஏழாம் நாள் கள்ளுவாசம். துரு இருந்த இடத்தில் இருந்தது. அம்மா வாளியை எட்டிப் பார்த்தாள். "காப்பிக்குக் கேட்டா இல்லங்குற, கோடாலிக்கு மட்டும் கருப்பட்டியாலே?"

வீரவநல்லூர்க்காரன்:
பேட்டை அண்ணாச்சி, உப்பு போடவில்லை. லேத் அண்ணாச்சி சொன்னது முன்னமே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்த உளியை நேற்று எதிலும் போடவில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் மட்டும் வைத்து, புறவாசலில் உட்கார்ந்து, மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். கழுத்தில் புள்ளி தெரிந்தது. இரண்டுதான். மூன்றாவது துருவுக்குள் இருக்கும் என்று இன்னும் தேய்த்தேன். இல்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்மது இல்லலே, தாத்தா எங்கேயோ இரவல் வாங்கிட்டு வந்தது" என்றார்.

சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் தச்சு வேலை பார்த்த குடும்பம் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுச் சாமானில் இரண்டு புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால் அங்குல உளி. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.