கச்சேரி மேடையில் டிஜிட்டல் மிக்சர்: மானிட்டர் கூவுவதை எப்படி நிறுத்துவது?

அரங்க ஒலி:
வணக்கம். சிறிய அரங்கம் ஒன்றில் கர்நாடக இசைக் கச்சேரிகளுக்கு ஒலியமைப்பைக் கவனித்து வருகிறேன். பழைய அனலாக் மிக்சரை மாற்றி அண்மையில் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் மிக்சர் வாங்கியிருக்கிறார்கள். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் ஆகியவற்றோடு சுருதிப்பெட்டிக்கும் ஒரு மைக் வைக்கிறேன். பாடகரின் மானிட்டர் (அவர் கேட்பதற்கான மேடை ஸ்பீக்கர்) மிக்சரின் முதல் பஸ்ஸிலிருந்தும் (ஒலியைத் தனியாகக் கலந்து அனுப்பும் தடம்), பக்கவாத்தியக்காரர்களின் மானிட்டர் இரண்டாம் பஸ்ஸிலிருந்தும் செல்கின்றன. பதிவும் நேரலையும் யூஎஸ்பி வழியாக மடிக்கணினிக்குப் போகின்றன. அரங்கத்தில் குரல் போதவில்லை என்று பாடகரின் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுவிசையை) உயர்த்தினால் உடனே அவருடைய மானிட்டர் கூவத் தொடங்குகிறது. இது போதாதென்று, நேரலை தொடங்கியபின் சில வேளைகளில் எல்லா மைக்குகளையும் மியூட் செய்தாலும் அடங்காத ஓர் இரைச்சல் வளர்ந்துகொண்டே போகிறது. கிராஃபிக் ஈக்வலைசரில் (அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) பல பட்டைகளைக் குறைத்துப் பார்த்தேன்; குரல் மங்கியதே தவிரக் கூவல் நிற்கவில்லை. எதிலிருந்து சரிபார்க்கத் தொடங்க வேண்டும்?

பழைய கன்சோல்:
ஐயா, நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டுமே வழித்தடத்தில் தொடங்குகின்றன என்பதால் ஈக்வலைசரை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஃபேடரோடு சேர்ந்து மானிட்டரும் உயர்கிறது என்றால், பாடகரின் சேனலிலிருந்து முதல் பஸ்ஸுக்குச் செல்லும் சிக்னல் போஸ்ட் ஃபேடராக, அதாவது ஃபேடருக்குப் பின்னிருந்து, எடுக்கப்படுகிறது. அதை ப்ரீ ஃபேடராக, அதாவது ஃபேடருக்கு முன்னிருந்து எடுப்பதாக, மாற்றுங்கள். எக்ஸ்32இல் இந்த அமைப்பு 1–2, 3–4 என்று இரண்டிரண்டு பஸ்களுக்குச் சேர்ந்தே மாறும்; உங்கள் இரண்டு மானிட்டர்களும் ஒரே இணையில் இருப்பது வசதிதான். அடுத்து, அந்த பஸ்கள் மெயின் எல்ஆர் (அரங்க ஸ்பீக்கர்களுக்குப் போகும் இடது, வலது) வெளியீட்டுக்கும் அனுப்பப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். அப்படியிருந்தால் மானிட்டருக்காகக் கலந்த ஒலி அரங்க ஸ்பீக்கர்களிலும் இரண்டாவது முறையாகச் சேர்ந்து ஒலிக்கும்.

மைக்குகளை மியூட் செய்தும் நிற்காத இரைச்சலுக்கும் மேடைக்கும் தொடர்பில்லை. மடிக்கணினியிலிருந்து திரும்பி வரும் ஒலி ஒரு சேனலில் இறங்கி, அங்கிருந்து மெயினில் கலந்து, அந்த மெயினே மறுபடியும் யூஎஸ்பி வழியாக மடிக்கணினிக்குச் சென்றால் கம்பிக்குள்ளேயே ஒரு சுழற்சி உண்டாகிவிடும். பதிவு மென்பொருளில் இன்புட் மானிட்டரிங்கை (உள்ளே வரும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும் வசதியை) அணையுங்கள். நேரலைக்கென்று தனி பஸ் ஒன்றை ஒதுக்கி, கணினியிலிருந்து திரும்பும் சேனலை அதில் மட்டும் சேர்க்காமல் விடுங்கள். இப்படிச் செய்தால் அரங்கத்திற்கும் நேரலைக்கும் வெவ்வேறு சமநிலை அமைக்கவும் முடியும். சிறிய அரங்கத்தில் மிருதங்கம் நேரடியாகவே போதிய அளவு கேட்டுவிடுவதால் மெயினில் அதைக் குறைத்தே வைப்போம். அந்த மெயினை அப்படியே நேரலைக்கு அனுப்பினால் வீட்டிலிருந்து கேட்பவர்களுக்கு மிருதங்கமே காணாமல் போகும்.

நாதஸ்தானம்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். மேடையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஃபீட்பேக் (கூவல்) வருவதற்கு முன் நமக்குக் கிடைக்கும் அளவில் ஏறத்தாழ 3 டெசிபெல் குறைகிறது. எனவே மின்னணுச் சுருதிப்பெட்டிக்கு மைக்கே வேண்டாம். டிஐ பெட்டி (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வழியாக நேரடியாக எடுங்கள். பாடகருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும், எந்த ஈக்வலைசரும் இந்த லாபத்தைத் தராது. கார்டியாய்டு (முன்புறத்தை நன்றாகக் கேட்டு, நேர்ப் பின்புறத்தைக் கேட்காத வகை) மைக்கானால் மானிட்டர் அதன் நேர்ப் பின்புறத்தில் இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டு மைக் நேர்ப் பின்புறத்தில் கொஞ்சம் கேட்கும் தன்மையுடையது. அதன் செவிட்டுப் பகுதி முன்னச்சிலிருந்து சுமார் 125 பாகையில் இருப்பதால், மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுகிற ஓரிரு அதிர்வெண்களை பஸ்ஸின் பாராமெட்ரிக் ஈக்வலைசரில் குறுகிய அகலத்தில் 3 முதல் 6 டெசிபெல் வரை குறைத்தால் போதும். லோ கட் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) வைக்கும்போது சுருதியைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். ஒரு கட்டையில் பாடுபவரின் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ‘ப’) ஏறத்தாழ 98 ஹெர்ட்சில் இருக்கிறது. 120இல் வெட்டினால் அந்த ஸ்வரமே மெலிந்துபோகும். ஐந்தரைக் கட்டையில் பாடுபவருக்கு 120 தாராளமாகப் பொருந்தும்.

அரங்க ஒலி:
இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு பஸ்களும் மெயினுக்குச் சென்றுகொண்டுதான் இருந்தன. அதை நீக்கி, ப்ரீ ஃபேடராகவும் மாற்றியதும் ஃபேடரை உயர்த்தினாலும் மானிட்டர் அமைதியாக இருக்கிறது. ஆனால் ஆலாபனையில் பாடகர் நிறுத்தும் இடைவெளிகளில் மட்டும் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கிறது. பாடும்போது அது இல்லை.

பழைய கன்சோல்:
பாடகரின் சேனலில் கம்ப்ரஸர் (உரத்த ஒலியைத் தானாகக் குறைக்கும் பகுதி) இயங்குகிறதா என்று பாருங்கள். பாடும்போது அது அளவைக் குறைத்துப் பிடித்திருக்கும்; பாடகர் நிறுத்தியதும் பிடியை விட்டுவிடுவதால், அந்தக் குறைவை ஈடுசெய்ய மேக்கப் கெயினாகச் சேர்த்த அளவு முழுவதும் மைக்கின் மீது ஏறிவிடும். ப்ரீ ஃபேடர் நிலையில் எடுக்கும் சிக்னல் கம்ப்ரஸர் வழியாகவே வருகிறது. மானிட்டர் பஸ்ஸுக்கு மட்டும் ப்ரீ ஈக்யூ நிலையில் (ஈக்வலைசருக்கு முன்னிருந்து) எடுத்தால், கம்ப்ரஸர் ஈக்வலைசருக்குப் பின் அமைந்திருக்கும்வரை அதைத் தொடாது. அரங்கத்திற்காகச் செய்யும் ஈக்வலைசர் மாற்றங்களும் பாடகரின் காதுக்குப் போகாது. எனினும் மைக்கின் ப்ரீஆம்ப் கெயின் (மிக்சரில் நுழையும்போதே கொடுக்கும் பெருக்கம்) எல்லா வழித்தடங்களுக்கும் பொதுவானது. ஆகவே அதை ஒலிச் சோதனையின்போதே நிலைநிறுத்திவிட்டு, கச்சேரி நடக்கும்போது தொடாமல் இருங்கள்.