ஸ்க்ரோல் ஆகும் டெக்ஸ்ட்ஏரியாவில் தேர்ந்தெடுத்த வரியைச் சுற்றிப் பெட்டி: இடம் தவறுகிறது

டெக்ஸ்ட்ஏரியாவில் (வலைப்பக்கத்தில் பல வரி தட்டச்சு செய்யும் புலம்) பயனர் தேர்ந்தெடுக்கும் சொற்களைச் சுற்றி ஒரு பெட்டி வரைய வேண்டும். மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான், நூலகம் எதுவும் இல்லை. விண்டோஸ் 11, குரோம்.

டெக்ஸ்ட்ஏரியாவுக்குள் இருக்கும் எழுத்துகளுக்கு, திரையில் அவை இருக்கும் இடத்தையும் அளவையும் தரும் கெட்கிளையன்ட்ரெக்ட்ஸ் நேரடியாகக் கிடைக்காது. அதனால் அதே எழுத்துரு, பேடிங், வரி உயரம், ப்ரீ-ரேப் (இடைவெளிகளை அப்படியே வைத்து வரியை மடிக்கும் அமைப்பு) வைத்து மறைவாக ஒரு நகல் டிவ் செய்து, அதில் அளந்து, ஸ்க்ரோல்டாப்பை (மேலிருந்து ஸ்க்ரோல் ஆன தூரம்) கழிக்கிறேன். உரை சிறியதாக இருக்கும்வரை அச்சு அசலாகப் பொருந்தியது. ஸ்க்ரோல்பார் வந்ததும் பெட்டி ஒரு வரி மேலே போய்விட்டது. சரி, ஸ்க்ரோல்பார் அகலம்தான் காரணம் என்று நகலின் அகலத்தை கிளையன்ட்விட்த்துக்கு (ஸ்க்ரோல்பாரும் பார்டரும் சேராத உள் அகலம்) மாற்றினேன். முக்கால்வாசி தீர்ந்தது.

அப்புறம் ஜூமை 125 சதவீதம் ஆக்கினால் மறுபடியும் அதே கதை: சில வரிகள் நகலில் வேறு இடத்தில் மடிகின்றன, அங்கிருந்து கீழே எல்லாப் பெட்டியும் ஒரு வரி தள்ளி. கிளையன்ட்விட்த் முழு எண்ணாகவே வருவதால் பின்னம் தொலைகிறது என்பது என் சந்தேகம். கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் பின்னத்தோடு தருகிறது, ஆனால் அதில் ஸ்க்ரோல்பாரும் பார்டரும் சேர்ந்துவிடுகின்றன. கன்டென்ட்எடிட்டபிளுக்கு (சாதாரண டிவ்வையே தட்டச்சு செய்யும்படி ஆக்கும் வழி) மாறும் யோசனை வேண்டாம். ஒட்டும் உரையைச் சுத்தம் செய்வது தனித் தலைவலி.

டெக்ஸ்ட்ஏரியாவை விடாமல், உரை மடியும் சரியான அகலத்தைப் பின்னத்தோடு எப்படி எடுப்பது?