அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளில் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டலாமா? நெல்லைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

பாளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில் ஓட்டினேன், அப்புறம் வேலை, குடும்பம் என்று விட்டுப்போய், சில வருடங்களாகத்தான் மறுபடியும் பிடித்துக்கொண்டது. கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பை போய், காப்பி குடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். உடம்பு நன்றாக இருந்தால் பாபநாசம் வரை போவேன். திருச்செந்தூருக்கும் போய் வந்திருக்கிறேன், நூற்றிருபதுக்குப் பக்கம் வந்தது, பெரிய சிரமம் இல்லை.

இப்போது 200 கிலோமீட்டர் பிரெவே ஒன்று, அதாவது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், முடிக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், அதுவும் தெரியும். ஆனால் அதை ஹைபிரிட்டில் அல்ல, அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் ஓட்ட ஆசை. கறுப்பு வண்டி, 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் கனத்த கேரியர். அப்பா அதில்தான் காலமெல்லாம் வேலைக்குப் போய் வந்தார், என்னை முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனதும் அதில்தான். அவர் போன பிறகு வண்டி தார்சாவில் சாத்தியே கிடக்கிறது. துரு மேலாகத்தான் இருக்கிறது, ஃப்ரேம் நேராக இருக்கிறது. இடது பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம்.

வண்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? நம்ம ஊர்க் காற்றில் கியர் இல்லாத வண்டியை எந்த மாதத்தில், எந்தப் பாதையில் பழகுவது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆலங்குளத்தான்:

தம்பி, ஓட்டலாம். பிரெவேயில் மனிதன் மிதித்து ஓடுகிற எந்த வண்டிக்கும் இடம் உண்டு, கியர் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. முதல் ஆள், கடைசி ஆள் என்ற வரிசையும் கிடையாது, நேரத்துக்குள் வந்தால் முடித்தவன்தான். நீ பயப்பட வேண்டியது தூரத்துக்கு இல்லை, காற்றுக்கு.

எங்கள் பக்கம் ஓட்டுகிறவனுக்கு மேட்டைவிடக் காற்றுதான் மலை. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்க ஆரம்பிக்கும், குற்றாலத்தில் சாரல் விழும், எங்களுக்கு வெறும் காற்று மட்டும் வரும். ஆடியில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஆலங்குளத்திலிருந்து தென்காசியைப் பார்த்து ஓட்டிப் பார், சமதரைதான், ஆனால் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி பத்தடியில் நின்றுவிடும். எதிர்காற்று கூடக் கூட அதற்குக் கொடுக்க வேண்டிய சக்தி பல மடங்காகக் கூடும், அதனால் அங்கே வேகத்தைக் காப்பாற்றப் பார்த்தால் கால் காலியாகிவிடும். வேகத்தை விட்டுவிடு, மூச்சைப் பிடித்துக்கொள். பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் சரியாகப் போகிறாய் என்று அர்த்தம், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வந்தாலும் பரவாயில்லை.

பழக ஒரு சுற்று சொல்கிறேன். நெல்லையிலிருந்து அம்பை, அங்கிருந்து கடையம் வழியாகத் தென்காசி, பிறகு பாவூர்சத்திரம், ஆலங்குளம், நெல்லை. நூற்றிருபது சொச்சம் வரும். மேல்காற்று மாதங்களில் இதை இந்தத் திசையில்தான் ஓட்டுவேன். காரணம், காற்று எழும்பாத அதிகாலையில் மேற்கே போகிற வேலை முடிந்துவிடும். அம்பைக்கும் கடையத்துக்கும் நடுவே இடது கைப்பக்கம் முழுக்க மலை, வலது பக்கம் வயல், அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஓட்டுவது தனி சுகம். தென்காசியில் திரும்பும்போது காற்று எழும்பியிருக்கும், அது உன் முதுகில் இருக்கும். தென்காசி ரோடு இப்போது அகலம், ஒதுங்கி ஓட்ட ஓரமும் இருக்கிறது, ஆனால் அகலமான ரோட்டில் கார்கள் பறக்கும், பின் விளக்கைப் பகலிலும் எரியவிடு.

பிரெவேக்குத் தை, மாசியைப் பார்த்துப் பெயர் கொடு. வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், மேல்காற்று வந்திருக்காது. பங்குனி பிறந்துவிட்டால் பதினோரு மணிக்கே தார் ரோடு கொதிக்கும்.

பழைய ஓவராயில்:

அந்த 'டக்' சத்தத்தில் இருந்து தொடங்குவோம், அதை இடது பக்கக் காட்டர் பின் என்று பார்க்காமலே சொல்வேன். கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு அது. தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் மயிரிழை அசையும், அந்தச் சத்தம்தான் உனக்குக் கேட்பது. அப்படியே நூறு கிலோமீட்டர் ஓட்டினால் கிராங்கின் ஓட்டையே நீண்டுபோகும், அதனால் முதல் வேலை இது.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். நட்டை முழுதாக எடுக்காமல், பின்னின் நுனியும் நட்டின் முகமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மட்டும் தளர்த்து. கிராங்குக்கு அடியில், பின் இறங்குகிற இடத்தை விட்டுவிட்டு, கனமான இரும்புக் குழாய் ஒன்றை நிமிர்த்தித் தரையோடு முட்டுக் கொடு. இந்த முட்டு இல்லாமல் அடித்தால் அடி பூராவும் பால்ரஸ் குண்டுகளுக்கும் அவை உருளுகிற கப்புக்கும் போகும், கப்பில் குழி விழுந்துவிடும். அப்புறம் கனத்த சுத்தியலால் நேராக ஒரே அடி. சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் நுனி நசுங்கி விரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதுப் பின்னை அப்படியே போடக்கூடாது, அதன் சப்பைப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, உள்ளே பாதிக்கு மேல் கையால் இறங்குகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. போட்ட பிறகு ஊருக்குள்ளே ஒரு சுற்று ஓட்டிவிட்டு நட்டை மறுபடி இறுக்கு, அது கட்டாயம் ஒரு கால் சுற்று இறங்கும்.

அப்படியே முழு ஓவராயிலும் செய்துவிடு. முன் அச்சு, பின் அச்சு, நடு அச்சு, ஹேண்டில் எல்லாவற்றிலும் பால்ரஸ் புதுசு போடு, பழையதில் நல்லதைப் பொறுக்கிப் போட வேண்டாம், அது காசு பெறாத சாமான்.

இரண்டாவது, ஃப்ரீவீல், அதாவது பின் சக்கரத்துப் பல் சக்கரம். உன் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும், எதற்கும் எண்ணிப் பார். அந்தக் கணக்கில் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஐந்தே கால் மீட்டருக்கு மேல் போகும், நிமிடத்துக்கு எழுபது சுற்று மிதித்தால் மணிக்கு 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. காற்றில்லாத நாளில் சுகம். எதிர்காற்றில் அது முட்டியைத் தின்னும். 20 பல் போடு. அதே எழுபது சுற்றுக்கு மணிக்கு 20 வரும், பத்து மணி நேர ஓட்டம், மூன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் மிச்சம். இருபதிலும் கஷ்டமாக இருந்தால் 22 பல் உண்டு. 20 பல் ஃப்ரீவீல் ஒன்றுதான் இந்த வண்டிக்கு நீ வாங்குகிற மிகப் பெரிய கியர் என்று வைத்துக்கொள்.

மூன்றாவது, எல்லோரும் உன்னிடம் சொல்லப்போவது, 700 சி அலாய் சக்கரம் மாட்டு என்பது. மாட்டலாம். ஆனால் உன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், 700 சி என்பது 622. பிரேக் கட்டை உட்கார வேண்டிய இடம் ஆறரை மில்லிமீட்டர் கீழே போகும், கம்பி பிரேக்கோ ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பது, புது ரிம்முக்கு அந்த உள்முகமே கிடையாது. ஆக பிரேக்கை முழுதாக மாற்ற வேண்டும், போர்க் தலையில் அதற்கு ஓட்டை இருக்க வேண்டும், பின் அச்சின் அகலமும் ஒத்துவர வேண்டும். ஒன்றைத் தொட்டால் நாலைத் தொட வேண்டும். கடைசியில் ஓடுவது அப்பாவின் வண்டியாக இருக்காது. என் தீர்ப்பு, சக்கரத்தைத் தொடாதே, கோட்டம் எடுத்து, தளர்ந்த போக்ஸ் கம்பிகளை மாற்றி, பிரேக் கட்டை புதுசு போடு. 28 இஞ்ச் டயரும் டியூபும் மூலைக்கரைப்பட்டியில் கிடைக்கும், கடையத்தில் கிடைக்கும், நடுரோட்டில் நின்றால் இது பெரிய பலம். ஆனால் இரும்பு ரிம் மழையில் பிடிக்காது, அதை மட்டும் ஞாபகம் வை. ஈரத்தில் நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்பே பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வா.

முள்ளையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ரோட்டோரம் முழுக்கச் சீமை உடை, அதாவது சீமைக் கருவேல மரம். அந்த முள் டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும், விரலால் தடவினால் தெரியாது. பஞ்சர் ஒட்டிய பிறகு டயரின் உள்பக்கத்தில் ஒரு சிறு பஞ்சுத் துண்டை ஒரு சுற்று இழுத்துப் பார், முள் நிற்கிற இடத்தில் இழை மாட்டி நிற்கும். அதை எடுக்காமல் டியூபை ஏற்றினால் அடுத்த ஊருக்கு முன் மறுபடி இறங்க வேண்டியதுதான்.

வள்ளியூர்க்காரி:

அண்ணாச்சி சொன்ன வண்டி வேலையெல்லாம் சரி. ஆனால் நான் வேறு கருத்து. பாளைக்காரன் அண்ணன் முதல் 200-ஐ ஹைபிரிட்டில் முடித்துவிட்டு, அடுத்ததை ஹெர்குலிஸில் ஓட்டட்டும். முதல் தடவை உடம்பு எந்த இடத்தில் என்ன கேட்கும் என்பதே தெரியாது. நூற்றைம்பதுக்கு மேல் கழுத்து, உள்ளங்கை, உட்காரும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் வண்டியும் பேசினால் எதைக் கவனிப்பது? ஹெர்குலிஸ் இருபது கிலோ பக்கம் வரும். அது அப்பாவின் வண்டி என்பதாலேயே, பாதியில் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவர நேர்ந்தால் மனது ரொம்ப வலிக்கும்.

நான் ஓட்டுவது நான்குநேரி, வள்ளியூர், பணகுடி பக்கம். அங்கே காற்று எதிரே வராது, ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும், காவல்கிணறு நெருங்க நெருங்கக் கூடும். நாலுவழிச் சாலையில் தெற்கே போகும்போது காற்று வலது பக்கம், லாரியும் வலது பக்கம். லாரி உங்களைத் தாண்டும் அந்த நொடியில் காற்று அடைபட்டு வண்டி வலது பக்கம், லாரியை நோக்கிச் சாயும், லாரி போனதும் காற்று ஒரேயடியாக வந்து இடது ஓரத்துக்குத் தள்ளும். லாரிச் சத்தம் கேட்டதுமே கையைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, ஓரக் கோட்டிலிருந்து ஓரடி உள்ளே இருந்தால் தள்ளுவதற்கு இடம் இருக்கும். ஆடியில் அந்த ரோட்டை விட்டுவிட்டு ஏர்வாடி, திருக்குறுங்குடி, களக்காடு என்று மலையடிவாரத்து ரோட்டில் ஓட்டுவேன், வாகனம் குறைவு.

சாப்பாட்டை யாருமே சொல்லவில்லை. பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முதல் மணியிலிருந்தே மணிக்கு ஐம்பது அறுபது கிராம் மாவுச்சத்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் இருபத்தைந்து கிராம் பக்கம் இருக்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பையில் நொறுங்காமல் வரும், ஆனால் வெயிலில் தண்ணீர் இல்லாமல் அதை மென்றால் தொண்டையில் நிற்கும். பெரிய சாப்பாடு வேண்டாம், நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார், அடுத்த ஊரில் மறுபடி இரண்டு. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, கருப்பட்டி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் மதியத்துக்கு மேல் தலை கனக்கும், கெண்டைக்கால் இழுக்கும்.

பாளைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காட்டர் பின் வாங்கிவிட்டேன், பல் எண்ணிப் பார்த்தேன், அண்ணாச்சி சொன்ன 44, 18 தான். 20 பல் ஃப்ரீவீல் டவுனில் சொல்லி வைத்திருக்கிறேன். வள்ளியூர்த் தங்கை சொன்னதை வீட்டிலும் சொன்னார்கள், அதனால் தையில் வரும் 200 ஹைபிரிட்டில், ஹெர்குலிஸை அதுவரை அம்பை வரைக்கும் கொண்டுபோய்ப் பழக்குகிறேன். இன்னொன்று, நண்பர்கள் மாஞ்சோலைக்குச் சைக்கிளில் ஏறலாம் என்கிறார்கள். ஹெர்குலிஸ் வேண்டாம், ஹைபிரிட்டில். போகலாமா?

ஆலங்குளத்தான்:

மாஞ்சோலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது தம்பி. மணிமுத்தாறு செக்போஸ்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது, ஏற முயலவும் கூடாது. யானையும் கரடியும் நடமாடும் ரோடு, சைக்கிள் சத்தமில்லாமல் போகும் என்பதே அங்கே ஆபத்து.

ஏற்றம்தான் வேண்டுமென்றால் செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறு. ஏற்றம் நீளம் அதிகமில்லை. அதைத் தாண்டிவிட்டால் தென்மலை வரை இறக்கம், வழியில் கழுதுருட்டியில் 1904-ல் ரயில் வந்த காலத்துப் பதின்மூன்று கண் பாலம் ரோட்டோரமாகவே நிற்கும். புளியரை எஸ் வளைவில் மட்டும் கவனம், கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற லாரிகள் அந்த வளைவில் ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஆறு மணிக்கு முன் அதைத் தாண்டிவிடு. திரும்பி வரும்போது தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரை ஏற்றம் காத்திருக்கும், அதற்குக் காலில் மிச்சம் வைத்துக்கொள். சாரல் மாதத்தில் அந்த இறக்கம் எந்நேரமும் ஈரம், அதனால் புரட்டாசிக்குள் போவதாக இருந்தால் பிரேக் கட்டையைப் புதுசு போட்டுவிட்டுப் போ.