அறுபதாம் கல்யாணக் குழு (அப்பாவுக்குத் தெரியாமல்)

தம்பி, டாலஸ்: அனைவருக்கும் வணக்கம். அப்பா கால்வலி என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், அறுபதாம் கல்யாணத்துக்கு வரும்போது தெராகன் ப்ரோ பிளஸ் என்ற மசாஜ் கன் (தசையை வேகமாகத் தட்டிப் பிடித்துவிடும் கைக்கருவி) வாங்கி வரலாம் என்று நினைக்கிறேன். அறிமுகமானபோது அதன் விலை 599 டாலர். நம் பணத்தில் 50,000 ரூபாய்க்குக் குறையாது. தள்ளுபடி ஞாயிறு வரைதான். வாங்கலாமா?

சின்ன அத்தை: அண்ணன் விஷயத்தில் எல்லாம் முடிவான பிறகே எனக்குச் சொல்வீர்கள், இந்த முறை முன்னதாகக் கேட்டதில் மகிழ்ச்சி. அவ்வளவு பணத்துக்குத் தங்கம் வாங்கலாமே.

பெரிய மாமா: நான் 3,000 ரூபாய்க்கு வாங்கியது நன்றாகவே ஓடுகிறது. இறகுப்பந்து ஆடிவிட்டு வந்து தோளில் வைத்தால் சுகமாக இருக்கிறது.

கோவை அக்கா: மாமா, உங்கள் தோளுக்கு அது போதும். ஆனால் விலை எதனால் கூடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அடிக்கும் கருவியின் தலை எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய்வருகிறது என்பதும், அழுத்திப் பிடித்தால் மோட்டார் தாக்குப்பிடிக்கிறதா என்பதுமே முக்கியம். தெராகன் ப்ரோ வகையில் அந்த வீச்சு 16 மில்லிமீட்டர், அதே நிறுவனத்தின் சிறிய கருவியான மினியில் 12. மலிவான பல கருவிகளில் இன்னும் குறைவு என்பதால் அவை தசைக்குள் இறங்காமல் மேலாக அதிர்ந்துவிட்டு நின்றுவிடும். நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒருவர் கொண்டுவந்த கருவியைத் தொடையில் வைத்துச் சற்று அழுத்தினேன்; சத்தம் அடங்கி, முனையில் இருந்த பந்து அப்படியே நின்றுவிட்டது. ஓட்டப்பந்தயக்காரர்களுக்கும், நாள் முழுவதும் நோயாளிகளுக்குக் கையால் பிடித்துவிடும் எங்களுக்கும் அந்தக் கூடுதல் விசை கொடுத்த காசுக்குத் தகும். ப்ரோ பிளஸில் சூடு, அகச்சிவப்பு ஒளி, நாடித்துடிப்பு பார்க்கும் வசதி ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். வீட்டில் இருப்பவருக்கு அவை தேவையில்லை என்பதே என் கருத்து.

தம்பி, டாலஸ்: இதற்கெல்லாம் ஆய்வு ஏதும் உண்டா, அக்கா?

கோவை அக்கா: உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 16 ஆண்களின் கெண்டைக்காலில் 5 நிமிடம் ஹைப்பர்வோல்ட் என்ற மசாஜ் கன்னை வைத்துப் பார்த்தார்கள். கணுக்கால் மடங்கும் அளவு கூடியது, தசையின் வலிமை மாறவில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் ஆரோக்கியமானவர்கள். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். பலமாக இடித்தால் எளிதில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கால் மரத்திருந்தால் அழுத்தம் கூடியது அவருக்கே தெரியாது. எந்த விசைக்காக இவ்வளவு பணம் கொடுக்கிறோமோ, அந்த விசைதான் அவருக்கு ஆகாது.

அம்மா: உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வலியே இல்லை. கோயிலுக்கு நடக்கும்போது மட்டும் மருந்துக்கடை வாசல் வந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று நின்றுவிடுகிறார். இரண்டு நிமிடம் போனால் மறுபடி நடக்கிறார். வயதாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

கோவை அக்கா: சித்தி, இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நடந்தால் பிடிப்பதும் நின்றால் விடுவதும் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் வரும். சர்க்கரையும் இதய நோயும் உள்ளவரிடம் அதைச் சாதாரணத் தசைவலி என்று விடக்கூடாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து, கணுக்காலின் அளவைக் கையின் அளவால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருப்பதாகக் கொள்வார்கள். வலியில்லாத எளிய சோதனை. அது முடியும்வரை எந்தக் கருவியும் அவர் காலில் பட வேண்டாம், மாமாவுடையதும் சேர்த்துத்தான்.

பெரிய மாமா: மாப்பிள்ளை என் கையால் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார், ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

தம்பி, டாலஸ்: அப்படியானால் தள்ளுபடி போனால் போகட்டும். சோதனை முடிவைப் பார்த்த பிறகு, மருத்துவர் சரி என்றால் மட்டும் சிறியதாக ஒன்று வாங்கலாமா?

கோவை அக்கா: அப்போது பேசலாம். இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சின்ன அத்தை: நான் தங்கம் என்று சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நான்: பரிசைப் பிறகு பார்ப்போம், அத்தை. திங்கட்கிழமை அப்பாவை மருத்துவரிடம் யார் அழைத்துப் போவது?

அம்மா: அண்ணனின் கார் இருக்கிறது. அதில் அவர் ஏறுவாரா என்பதுதான் தெரியவில்லை.

பெரிய மாமா: காலை எட்டு மணிக்கு வண்டியோடு வாசலில் இருப்பேன். அவரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு.