பிளேரைட் லாகின் டெஸ்ட்: லேப்டாப்ல பச்சை, கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல மட்டும் சிவப்பு

குறிச்சிக்காரன்:

வணக்கமுங்க. எங்க டீம்ல டெஸ்டிங்குக்கு நான் ஒருத்தன்தான். இன்வாய்ஸ் போடற வெப் ஆப். முன்னாடி ரியாக்ட், பின்னாடி ஜாங்கோ. டெஸ்ட் பிளேரைட்ல, அதாவது பிரவுசரைத் தானா ஓட்டிப் பார்க்கற டூல்ல. பாஸ்வேர்டு போட்டதும் ஆதென்டிகேட்டர் கோடு கேட்கும், அதுக்கு ஜாங்கோ-ஓடிபி பேக்கேஜ். லாகின் ஆனதுக்கு அடையாளமா சர்வர் குடுக்கற ஆக்சஸ் டோக்கனுக்கு ஆயுசு 5 நிமிஷம். தீர்ந்ததும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் குடுத்துப் புதுசு வாங்கும், அப்பவே ரெஃப்ரெஷ் டோக்கனும் மாறிடும். ரெண்டும் குக்கீல. லாகவுட் பண்ணா சர்வர்ல செஷனே அழிஞ்சிடும்.

செட்டப் ப்ராஜெக்ட் ஒருமுறை லாகின் பண்ணி ஸ்டோரேஜ்ஸ்டேட்டை (குக்கீ உள்ளிட்ட லாகின் நிலை) ஃபைல்ல எழுதுது, மத்த டெஸ்ட் எல்லாம் அந்த ஃபைலை வெச்சுத் தொடங்குது. லாகின் ஸ்பெக் (லாகினுக்கான டெஸ்ட் ஃபைல்) மட்டும் ஃபைலைத் தொடாம, அதே யூசர்ல பாஸ்வேர்டு போட்டு உள்ள போகும். என் லேப்டாப்ல ஒரே வொர்க்கர் (டெஸ்ட்டை ஓட்டற ப்ராசஸ்), நாலு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சு எல்லாம் பச்சை. சிஐ-ல, அதாவது தானா டெஸ்ட் ஓட்டற கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல, நாலு வொர்க்கர் வெச்சும் ரன்னர் மெஷின் மெதுவுங்கறதால எட்டு ஒம்பது நிமிஷம் ஆகுது. ஒவ்வொரு ரன்னுக்கும் வேற வேற டெஸ்ட் விழுது. டெஸ்ட் ஓடினதோட பதிவான ட்ரேஸைத் திறந்தா இன்வாய்ஸ் லிஸ்ட் வரவேண்டிய இடத்துல லாகின் பக்கம் நிக்குது, நெட்வொர்க் டேப்ல 401, அதாவது லாகின் செல்லலைங்கற பதில். எப்பவாச்சும் "கோடு செல்லாது"ன்னும் வருது.

ரீட்ரை 2 (விழுந்த டெஸ்ட்டை ரெண்டு தடவை வரை மறுபடி ஓட்டறது) வெச்சா பச்சையாயிடுது. மேனேஜர் "அதான் பாஸ் ஆகுதில்ல, மெர்ஜ் பண்ணிடுங்க"ங்கறார். எனக்கு மனசு ஒப்பலைங்க. எங்க இருந்து பிடிக்கறது?

பழைய_டெஸ்டர்:

தம்பி, மெர்ஜ் பண்ணிடாதீங்க. நீங்க சொல்றதுல குறைஞ்சது மூணு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அதனாலதான் தினமும் வேற முகம் காட்டுது.

முதல்ல லாகவுட் டெஸ்ட் எந்த ஃபைல்ல இருக்குன்னு தேடுங்க. ஒரே வொர்க்கர்ல ஃபைல் பேர் வரிசைப்படி ஓடும். லாகவுட் கடைசி ஃபைல்ல இருந்தா யாருக்கும் எதுவும் தெரியாது. நாலு வொர்க்கர் ஓடும்போது அது வெளியேறின நொடியில மத்த மூணு பேர் கையில இருக்கிற செஷனும் செத்துப்போகும். பாஸ்வேர்டு மாத்தற டெஸ்ட், "எல்லா டிவைஸ்லயும் வெளியேறு" டெஸ்ட் எல்லாம் இதே ஜாதி. இவங்களுக்குத் தனி யூசர், தனி லாகின். ஸ்டோரேஜ்ஸ்டேட்டைக் காலியா வெச்சு ஆரம்பிக்கட்டும்.

அடுத்தது அந்த 5 நிமிஷம். ட்ரேஸ்ல முதல் 401 எப்ப வந்துச்சுன்னு பாருங்க. செட்டப் லாகின் நேரத்துல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே வந்தா லாகவுட்டைச் சந்தேகப்படுங்க. அஞ்சைத் தாண்டி, அதுவும் ரெஃப்ரெஷ் கால்லயே 401 வந்தா கதை வேற. நாலு பிரவுசரும் ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனோட நகலை வெச்சிருக்கு. ஒருத்தர் போய் மாத்திட்டார். அடுத்தவர் பழசை நீட்டறார். சர்வர் கண்ணுக்கு அது திருட்டு, அதனால அந்த லாகின்ல பிறந்த டோக்கன் மொத்தத்தையும் ரத்து பண்ணும். 2025 ஜனவரியில வந்த ஆர்எஃப்சி 9700-ங்கற பாதுகாப்பு வழிகாட்டி ஆவணம் சொல்றதும் இதைத்தான். சர்வர் அதோட வேலையைச் சரியாத்தான் பண்ணுது. டெஸ்ட் பாஸ் ஆகணும்னு டோக்கன் மாத்தறதை நிறுத்திடாதீங்க.

மூணாவது, கோடு. இந்தக் கோடுக்கான விதியைச் சொல்ற ஆர்எஃப்சி 6238-ல கோடு 30 நொடிக்கு ஒண்ணு, ஏத்துக்கிட்ட கோடை இரண்டாவது தடவை ஏத்துக்கக் கூடாது. செட்டப்பும் லாகின் ஸ்பெக்கும் ஒரே யூசர்ல அதே 30 நொடிக்குள்ள வந்தா ரெண்டுக்கும் ஒரே கோடு, ஒண்ணுதான் உள்ள போகும். ஜாங்கோ-ஓடிபி அதோட விடாது. தப்பான முயற்சிக்கு ஒரு நொடி, அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலுன்னு பூட்டிக்கிட்டே போகும். அந்தப் பூட்டு நேரத்துல சரியான கோடு குடுத்தாலும் வெளியதான்.

எல்லாத்துக்கும் ஒரே மருந்து, வொர்க்கருக்கு ஒரு யூசர், யூசருக்கு ஒரு டிஓடிபி சீக்ரெட் (கோடு உருவாக்கற ரகசியச் சாவி). எந்த யூசர்னு டெஸ்ட்இன்ஃபோல இருக்கிற பேரலல்இண்டெக்ஸை வெச்சு எடுங்க. வொர்க்கர்இண்டெக்ஸ் வேண்டாம், ஒரு டெஸ்ட் விழுந்து வொர்க்கர் புதுசா எழும்போது அந்த எண் ஏறிக்கிட்டே போகும்.

கடலூர்_கவி:

அண்ணா சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு. வொர்க்கருக்கு ஒரு யூசர் குடுத்தாலும், அந்த வொர்க்கர்ல ஒவ்வொரு டெஸ்ட்டும் புது கான்டெக்ஸ்ட் (தனி பிரவுசர் செஷன்), எல்லாம் அதே ஃபைலைத்தான் படிக்கும். அஞ்சு நிமிஷம் தாண்டி ஒரு டெஸ்ட் டோக்கனை மாத்தினா புது டோக்கன் ஃபைலுக்குத் திரும்பி வராது. அடுத்த டெஸ்ட் பழசோடதான் போகும். சிஐ-ல ஆக்சஸ் டோக்கன் ஆயுசை 1 மணி நேரமா வைங்க. ரெஃப்ரெஷ் வேலை செய்யுதான்னு பார்க்க ஜாங்கோ டெஸ்ட் கிளையன்ட்ல கடிகாரத்தை நகர்த்தி தனியா எழுதுங்க. பிளேரைட்டோட கிளாக் பிரவுசர் நேரத்தை மட்டும்தான் மாத்தும், சர்வர் அசையாது.

பூட்டின அக்கவுன்ட், காலாவதியான ரீசெட் லிங்க் மாதிரியானதும் ஜாங்கோ டெஸ்ட்லயே முடியும். பிரவுசர் டெஸ்ட்டுக்கு நாலஞ்சு வழி போதும்.

அப்புறம் ட்ரேஸை ஆர்டிஃபாக்டா (ரன்னோட சேர்த்து கிட்ஹப்ல சேமிக்கிற ஃபைலா) ஏத்தறீங்களா? அதுக்குள்ள குக்கீ முழுசா இருக்கும். ரெப்போ பப்ளிக்னா கிட்ஹப் அக்கவுன்ட் இருக்கிற யாரும் இறக்கிப் பார்க்கலாம். ஸ்டேஜிங் சர்வர் (ப்ரொடக்ஷனுக்கு முந்தின ஒத்திகை சர்வர்) மேல ஓட்டற வழக்கம் இருந்தா இது சும்மா விடற விஷயமில்ல.

குறிச்சிக்காரன்:

ரெப்போ பிரைவேட்டுங்க. சிஐ-லயே போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் கன்டெய்னர் எழுப்பி, யூசர்களை சீட் பண்றோம் (முன்கூட்டியே போட்டு வைக்கறோம்), ஸ்டேஜிங்கைத் தொடறதில்லை. அப்ப டிஓடிபி சீக்ரெட்டை கிட்ஹப் சீக்ரெட்ஸ்ல வைக்கணுமா?

கடலூர்_கவி:

தேவையில்ல. ரன் முடிஞ்சதும் அழியற டேட்டாபேஸ், சீட் பண்ணும்போதே உருவாக்கிக்கோங்க. ஃபோர்க்ல இருந்து வர்ற புல் ரிக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப் சீக்ரெட்ஸ் போய்ச் சேராது, அந்தத் தொல்லையும் இல்ல. டெஸ்ட் செட்டிங்ஸ்ல வேகமா முடியற எம்டி5 பாஸ்வேர்டு ஹேஷர் (பாஸ்வேர்டை உருமாத்தி வைக்கறது) போடுங்க, ஜாங்கோ டாக்குமெண்ட்டே அதைச் சொல்லுது. ஜாங்கோ 5.0-ல வழக்கமான ஹேஷர் பிபிகேடிஎஃப்2 ஒரு பாஸ்வேர்டுக்கு 7,20,000 சுத்து, சின்ன ரன்னர்ல லாகினுக்கு லாகின் அது தெரியும். அந்த செட்டிங்ஸ் ஃபைல் ப்ரொடக்ஷன் இமேஜுக்குள்ள மட்டும் போயிடக் கூடாது.

குறிச்சிக்காரன்:

தேடிப் பார்த்தேனுங்க. லாகவுட் டெஸ்ட் யூசர் மெனு ஸ்பெக்ல, அதாவது கடைசி ஃபைல்ல இருந்துச்சு. தனி யூசர் குடுத்ததும் சீக்கிரமா வர்ற 401 நின்னுபோச்சு. வொர்க்கருக்கு ஒரு யூசர் வெச்சதும் "கோடு செல்லாது" பெரும்பாலும் போயிடுச்சு, ஆனா இன்னைக்கு மறுபடி ஒண்ணு வந்துச்சு. லாகின் ஸ்பெக்ல அடுத்தடுத்து ரெண்டு லாகின் இருக்கு.

பழைய_டெஸ்டர்:

அதே யூசர், அதே 30 நொடி. இரண்டாவதுக்கு வேற யூசர் குடுங்க. கோடு உருவாக்கற ஃபங்ஷன்ல, அந்த 30 நொடியில ரெண்டு மூணு நொடிதான் மிச்சம்னா அடுத்த கோடுக்குக் காத்திருக்கிற மாதிரியும் எழுதிடுங்க. சர்வர் பக்கம் டாலரன்ஸை (முன்பின் கோடையும் ஏத்துக்கற சலுகையை) ஏத்தாதீங்க. மேனேஜருக்காக ரீட்ரை 2 இருக்கட்டும், கூடவே ஃபெயில்-ஆன்-ஃப்ளேக்கி-டெஸ்ட்ஸ் ஃபிளாக்கைப் போடுங்க. இரண்டாவது தடவையில பாஸ் ஆனாலும் ரன் சிவப்பாத்தான் முடியும், ட்ரேஸும் கையில இருக்கும்.