பிளேட்லெட்டில் செரடோனின் ஏற்பு: கால்சியம் சேர்த்தால் ஏன் குறைகிறது?

கேள்வி:
சிட்ரேட்டில் (கால்சியத்தைப் பிடித்து உறைதலைத் தடுப்பது) எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்து, ட்ரிட்டியம் என்ற கதிரியக்க அடையாளம் கொண்ட செரடோனின் (0.5 மைக்ரோமோலார்) சேர்த்து 37 டிகிரியில் 10 நிமிடம் வைக்கிறேன். 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு விட்ட குழாய்களில் ஏற்பு (பிளேட்லெட் செரடோனினை உள்ளே எடுப்பது) குறைகிறது. சிலவற்றில் உறைந்தும் போகிறது. செரடோனினை உள்ளே கொண்டுசெல்லும் புரதமான டிரான்ஸ்போர்ட்டரைக் கால்சியம் தடுக்கிறதா?

பதில் 1:
உறைந்ததிலேயே பாதி விடை இருக்கிறது. சிட்ரேட் பிளாஸ்மாவில் உறைதல் காரணிகள் அப்படியே உள்ளன. கால்சியம் திரும்பியதும் த்ராம்பின் என்ற உறைதல் நொதி உருவாகும். த்ராம்பின் பட்ட பிளேட்லெட், செரடோனினைச் சேர்த்து வைத்திருக்கும் அடர்துகள்களை வெளியே கொட்டிவிடும். உள்ளே போனதில் கொட்டியது போக மீந்ததைத்தான் அளக்கிறீர்கள்.

டிரான்ஸ்போர்ட்டரை ஓட்டுபவை சோடியமும் குளோரைடும். திரும்பும்போது பொட்டாசியம் வெளியேறும். இந்தச் சுழற்சியில் கால்சியம் கூடவே ஏறும் அயனி அல்ல.

பிளேட்லெட்டைக் கழுவிவிட்டுச் செய்யுங்கள். முதலில் ரத்தத்தை 200 ஜி விசையில் 10–15 நிமிடம் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள், அறை வெப்பத்தில். குளிரில் வைத்தால் வடிவம் மாறிவிடும். ஏசிடி (சிட்ரிக் அமிலம், சிட்ரேட், டெக்ஸ்ட்ரோஸ் கலவை) சேர்த்து பி.எச். 6.5-க்கு இறக்கி, பிளேட்லெட் தூண்டப்படாமல் காக்கும் பிராஸ்டாகிளாண்டின் ஈ1-ஐ 1 மைக்ரோமோலார் போட்டபின் சுழற்றிப் படியவையுங்கள். கால்சியம் இல்லாத டைரோட் உப்புக் கரைசலில் கலக்கி, அப்பிரேஸ் (பிளேட்லெட்டைத் தூண்டும் ஏடிபி-யைச் சிதைக்கும் நொதி) சேருங்கள். கால்சியம் கடைசியில்தான்.

10 நிமிடம் மிக அதிகம். ஏற்பு நேர்கோடாக இருக்கும் முதல் 1 நிமிடத்தில் நிறுத்துங்கள்: டிரான்ஸ்போர்ட்டரை அடைக்கும் இமிப்ரமின் கலந்த பனிக்குளிர் உப்புநீர், உடனே கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டல். டிரான்ஸ்போர்ட்டர் வழியாக அல்லாத பின்னணி எண்ணிக்கையைக் கழிக்க, அதை அடைக்கும் ஃப்ளூவாக்செட்டின் 10 மைக்ரோமோலார் உள்ள குழாய் இணையாகக் கட்டாயம் வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது வெளிக் கால்சியம் பற்றி. உள்ளே இருப்பது வேறு கதை. ஓய்வில் அது சுமார் 100 நானோமோலார்தான். அது ஏறினால் இரு திசையிலும் வேலை நடக்கும்: கால்சியம் ஒட்டும் புரதமான கால்மோடுலினின் தடுப்பான்கள் ஏற்பைக் குறைக்கின்றன, அதாவது கால்மோடுலின் ஏற்புக்கு உதவுகிறது; மறுபுறம், கால்சியத்தால் தூண்டப்படும் நொதியான புரோட்டீன் கைனேஸ் சி-யைத் தூண்டினால் ஏற்பின் உச்சவேகம் குறைகிறது. ஆனால் டிரைஃப்ளூபெராசின் போன்ற கால்மோடுலின் தடுப்பான்கள் சவ்வையும் பாதிக்கும், அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கால்சியத்தைச் சவ்வு வழியே உள்ளே விடும் ஏ23187 அயனோஃபோர் வேண்டவே வேண்டாம். உடனே கொட்டல்தான் நடக்கும்.

கொட்டலைத் தனியே பார்க்க: 30 நிமிடம் ட்ரிட்டியம் ஏற்றி, கழுவி, இமிப்ரமின் போட்டு மறுஏற்பை அடைத்தபின் கால்சியம் விடுங்கள். மேல்நீரில் எண்ணிக்கை கூடினால் அது ஏற்பின் குறை அல்ல.

பதில் 3:
கால்சியமற்ற குழாய்க்கு, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ போடுகிறீர்களா? பி.எச். 7.4-இல் ஒவ்வொரு கால்சியத்தையும் பிடிக்கும்போது அது இரண்டு புரோட்டானை விடும். பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பீஸ் தாங்கல் குறைவாக இருந்தால் கரைசல் அமிலமாகி, அந்த மாற்றமே கால்சியத்தின் விளைவாகத் தெரியும். சேர்த்தபின் பி.எச். மறுபடி அளங்கள். அதே போன்ற இன்னொரு பிடிப்பானான ஈடிடிஏ-வை 37 டிகிரியில் தவிருங்கள். பிளேட்லெட்டின் ஃபைப்ரினோஜன் ஏற்பி பிரிந்துவிடும்.