எல்லா சிடியிலும் ஒரே பெயர்: வீட்டு வீடியோவுக்கு டேக் போட்ட அனுபவம்

தர்மபுரிக்காரன்:

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எங்கள் வீட்டு பீரோவில் 23 விசிடி கிடந்தது. டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கோடி (Kodi) என்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டால் ஆயாவே (என் பாட்டி) ரிமோட்டை அமுக்கிப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். எந்த சிடியைத் திறந்தாலும் உள்ளே எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஏவிஎஸ்இக்யூ01.டாட். இரண்டாவது சிடியைக் காப்பி பண்ணும்போது ரீப்ளேஸ் செய்யவா என்று கேட்டது, நானும் ஏதோ ஞாபகத்தில் சரி என்று அமுக்கினேன், அக்கா கல்யாணத்தின் மேல் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் ஏறி உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, சிடி கையிலேயே இருந்தது.

அப்புறம் பெயரெல்லாம் மாற்றி கோடியில் சேர்த்தால் அது இவற்றை சினிமா என்று நினைத்துக்கொண்டு டிஎம்டிபி என்ற சினிமா தகவல் தளத்தில் போய்த் தேடி, கிரகப்பிரவேசத்துக்கு ஏதோ ஓர் இந்திப் படத்தின் போஸ்டரை ஒட்டியது. "யார்ரா இந்தப் பொண்ணு, நம்ம விசேஷத்துக்கு எப்போ வந்துச்சு?" என்று ஆயா கேட்டது. தப்பாகப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மெனுவில் போய்த் தலைப்பு மாற்றி டேக் (தேட உதவும் குறிச்சொல்) போட்டேன், ராத்திரி ராத்திரியாக மூன்று மாசம்.

ஒருநாள் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் ராஸ்பெர்ரி பையின் எஸ்டி கார்டு செத்துப்போனது. வீடியோ எல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, நான் எழுதியதுதான் ஒன்றுகூட இல்லை. நாம் போடும் தலைப்பும் டேக்கும் வீடியோ கோப்புக்குள் போவதில்லை, கோடி தனக்கென்று வைத்திருக்கும் டேட்டாபேஸில் போய் உட்காருகிறது, அந்த டேட்டாபேஸ் இருந்தது கார்டில். லைப்ரரியை எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்திலேயே இந்தத் தலைப்பையும் டேக்கையும் என்எஃப்ஓ என்ற தனிக் கோப்பில் எழுதிக் கொடுக்கும் வசதி அதிலேயே உண்டு. எனக்குத்தான் பிறகு தெரிந்தது.

இரண்டாம் முறை என்எஃப்ஓவை நானே எழுதினேன். வெறும் டெக்ஸ்ட் கோப்புதான். வீடியோவின் பெயரையே வைத்துக் கடைசியில் என்எஃப்ஓ என்று முடித்தால் போதும். இந்த ஃபோல்டருக்கு மட்டும் தகவல் எடுக்கும் இடத்தை 'லோக்கல் இன்ஃபர்மேஷன் ஒன்லி' என்று மாற்றிவிட்டேன், இந்திப் படம் ஒழிந்தது. பழைய லேப்டாப் நோட்பேடில் தமிழ் எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையைத் தேர்ந்தெடுக்காமல் சேமித்ததில் தமிழெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறியாகிப் போனது தனிக்கூத்து.

உண்மையில் தலைவலி கொடுத்தது உறவுமுறைதான். நான் 'மாமா' என்று டேக் போட்டேன். என் மகளுக்கு அவர் தாத்தா, என் மனைவிக்குச் சித்தப்பா. 'அத்தை' என்று தேடினால் எனக்கு அப்பாவின் தங்கை வருகிறார், என் மனைவிக்கோ மாமியார் வர வேண்டும். பெரியம்மாவை ஒரு நாள் பெரியம்மா, ஒரு நாள் பெரிம்மா, சோம்பலான ஒரு ராத்திரி இங்கிலீஷ் எழுத்தில் என்று மூன்று விதமாக அடித்திருக்கிறேன், மூன்றும் மூன்று தனி ஆட்களாக நிற்கின்றன. கடைசியில் ஆயாதான் வழி சொன்னது, "ஊரைச் சொன்னா எல்லாருக்கும் தெரியும்டா." இப்போது பாலக்கோட்டார், பென்னாகரத்தம்மா, காரிமங்கலத்துச் சின்னவர் என்றுதான் டேக். யாருக்கு என்ன முறை வேண்டுமோ அவரவர் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஓசூர்வாசி:

தேதி விஷயத்தில் நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். தம்பி கல்யாணம் காவேரிப்பட்டணத்தில், விடியற்காலை 4.30–6 முகூர்த்தம். ஃபோனில் எடுத்த வீடியோவையெல்லாம் உள்ளே பதிவான தேதியை வைத்துத் தானாகப் பெயர் மாற்றும்படி எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் ஓட விட்டேன். 5.10க்குத் தாலி கட்டியது முந்தின நாள் 23.40 என்று வந்து நிற்கிறது. எம்பி4 கோப்புக்குள் ஃபோன் எழுதி வைக்கும் நேரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். பகலில் எடுத்ததற்குத் தேதி மாறாது, அதனால் கண்ணில் படவே இல்லை. "என் கல்யாண நாளையே மாத்திட்டீங்களே மாமா" என்று தம்பி மனைவி இன்றைக்கும் கேலி செய்கிறாள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை இந்த விஷயத்தில் நம்பவே வேண்டாம், பெயரில் இருக்கும் தேதி அனுப்பிய நாளோடு சேர்ந்தது, எடுத்த நாள் இல்லை.

கிருஷ்ணகிரி அணைக்கட்டு:

எனக்கு சினிமாவில்தான் தகராறு. அப்பாவுக்கு 1989 'மாப்பிள்ளை' வேண்டும், ஜெல்லிஃபின் (கோடி மாதிரி இன்னொரு மென்பொருள்) 2011ஐக் காட்டுகிறது. 'பொல்லாதவன்' 1980லும் 2007லும், 'படிக்காதவன்' 1985லும் 2009லும். மூன்றிலும் முதலாவது ரஜினி, இரண்டாவது தனுஷ். ஃபோல்டர் பெயரிலேயே ஆண்டை அடைப்புக்குறிக்குள் போட்ட பிறகுதான் அடங்கியது. இங்கிலீஷில் எழுத்துக்கூட்டுவது ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பதால் சில படங்களுக்கு அதுவும் பத்தவில்லை, டிஎம்டிபி எண்ணையே ஃபோல்டர் பெயரில் சேர்த்தேன்.

தர்மபுரிக்காரன்:

ஓசூர்க்காரரே, உங்களைப் படித்துவிட்டு என் ஃபோன் வீடியோக்களைப் பார்த்தேன், மகள் பிறந்த அன்று அதிகாலை எடுத்ததும் ஒருநாள் முன்னால்தான் இருக்கிறது. இன்று ராத்திரி அந்த வேலை. விசிடியில் இன்னும் ஒரே ஒரு டேக் பாக்கி. அக்கா கல்யாணப் பந்தியில் பச்சைச் சட்டை போட்டு சாம்பார் வாளியோடு மூன்று முறை வருகிற ஒருவர், ஆயாவுக்கே தெரியவில்லை, பெண் வீடு மாப்பிள்ளை வீடு இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. 'யாரோ-1' என்று போட்டு வைத்திருக்கிறேன்.